ஜெயா அக்கா கடை

"எனக்கு மீனே புடிக்காதும்மா" என்று ஜெயஸ்ரீ உள்ளே சொன்னபோது பொன்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, குதிகாலில் ஒட்டியிருந்த தாரைத் தகரத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் தன்னிடம் பேசவில்லை என்பது அவனுக்குத் தெரியும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் போனை ஸ்டாண்டில் மாட்டி சாமான் விற்க நேரலை போட்டுவிடுவாள். பாங்காக்கில் வேலை முடிந்து வீடு திரும்பிய தமிழ் ஜனங்கள் ஐம்பது அறுபது பேர் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் யாரோ ஒரு பெண், அக்கா உங்களுக்கு ரொம்பப் பிடித்த மீன் எது என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். சொல்லிவிட்டு ஜெயஸ்ரீ தானே சிரித்தாள். "நெசமாத்தாம்மா. மீன்கார வூட்ல பொறந்து மீன்காரன் வூட்டுக்கே வந்தவ, இத்த யாராண்ட சொல்றது? அவரு கடல்ல கெடந்து கஷ்டப்பட்டுக் கொண்டாறாரு. மூஞ்சி சுருங்கிடப் போவுதேன்னு துன்னுகினு கீறேன். எனக்கு ரெண்டு கத்திரிக்கா கெடைச்சாப் போதும்."

பொன்ராஜ் தகரத்தைக் கீழே போட்டான். கல்யாணமான நாளிலிருந்து, படகு காசிமேட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், ஏலத்துக்குப் போகும் கூடைகளிலிருந்து நல்ல கிழங்கான் மீனாகப் பார்த்து எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி அவளுக்கென்று கொண்டு வந்திருக்கிறான். அதற்காகப் படகு முதலாளியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். அவள் குழம்பு வைப்பாள். எதிரே உட்கார்ந்து அவள் முள்ளை எடுத்து எடுத்துத் தின்பதைப் பார்ப்பான். கடலிலிருந்து கரையேறியதே அதைப் பார்க்கத்தான் என்று தோன்றும். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது கூட அவனைச் சுடவில்லை. அவன் பார்த்தே இராத ஒரு ஊரில், அவன் பார்த்தே இராத ஐம்பது அறுபது பேருக்கு அது இப்போது தெரியும். அவர்களோடு சேர்த்துத்தான் அவனுக்கும் தெரிந்தது. அதுவும் வாசற்படியில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டு.

இந்தக் கடை ஜெரியால் வந்தது. ஜெரி ராயபுரத்துக்காரன். இருவரும் இளவட்டமாக இருந்தபோது ஒரே விசைப்படகில் ஏறினார்கள். கடல் அவனை ஏற்கவில்லை. துறைமுகத்தைத் தாண்டியதும் பின்பக்கம் போய்ப் படுத்து வாந்தியெடுக்கத் தொடங்கினால், கரை தெரியும்வரை எழுந்திருக்க மாட்டான். படகில் எல்லாரும் சிரித்தார்கள். பொன்ராஜ்தான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினான். அப்புறம் ஜெரி பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கப் போனான், ஓட்டலில் சேர்ந்தான், ஏஜெண்டு மூலம் பாங்காக் போனான். இப்போது அங்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் சமையலறை முழுக்க அவன் பேச்சுக்குத்தான் நடக்கிறது. விடுமுறையில் வந்தவன் ஜெயஸ்ரீ காய வைத்த நெத்திலியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனான். போன வேகத்தில் போன் வந்தது. "அண்ணி, இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா? இங்க ஜனம் என்னிய வுட மாட்டேங்குது."

கருவாட்டில் ஆரம்பித்தது அங்கேயே நிற்கவில்லை. தாய்லாந்தில் கருவாடு இல்லாமல் இல்லை, ஆனால் அதில் சர்க்கரை தடவிக் காய வைக்கிறார்கள். புளி இருக்கிறது, அது இனிக்கிறது. பெரிய கடைத்தெருவில் இந்தியச் சாமான் விற்கிறார்கள், எல்லாம் வடக்கத்திச் சாமான். மல்லிகைச் சரம் மூலைக்கு மூலை தொங்குகிறதாம், அதைச் சாமிக்குப் போடுவார்களே தவிர யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லையாம். இதையெல்லாம் ஜெயஸ்ரீ அந்த ஊருக்குப் போய் வந்தவள் மாதிரி சொல்வாள். ஜிப் வைத்த பருத்தி நைட்டி கேட்டார்கள். எம்.கே.பி. நகரில் தையல் வைத்திருந்த ரஹீமுன்னிசாவைப் பிடித்து அளவு சொல்லித் தைத்து வாங்கினாள். பிறகு குக்கர் வாஷர், பாவாடை நாடா, முறுக்கு அச்சு, வடகம், இட்லித் துணி, குழந்தைக்கு வசம்பு. கண் காணாத ஊரில் இருப்பவர்களுக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கிறது என்று பொன்ராஜுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கட்டிலில் அவன் படுக்கும் பக்கமெல்லாம் அட்டைப் பெட்டிகள் ஏறின. முன்பின் தெரியாத பெண்களின் நைட்டிகளுக்கு நடுவே அவன் ஒருக்களித்துப் படுத்தான். வாசம் வெளியே போகாமல் கருவாட்டை அடைக்கும் மெஷின் ஒன்று வந்தது. அது காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் அவனுக்கு மூச்சு முட்டியது.

யாருக்கு எந்த மாசம் பிரசவம், எவள் மாமியார் விசாவில் வந்து உட்கார்ந்துகொண்டு திரும்ப மாட்டேன் என்கிறாள் என்பதெல்லாம் ஜெயஸ்ரீக்குத் தெரியும். அவர்களுக்கும் அவளைத் தெரியும். அவளுக்கு இடி என்றால் பயம், சின்ன வயதில் கப்பலில் ஏறி ஓடிப்போக ஆசைப்பட்டாள், முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. ஒவ்வொன்றையும் பொன்ராஜ் வாசற்படியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டான். ஜெரி அவளைக் கூப்பிடுவதும் மாறியிருந்தது. அண்ணி என்றவன் ஜெயஸ்ரீ என்றான், இப்போது ஜெயா என்கிறான். பாங்காக்கில் எல்லாருமே ஜெயா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், கடைக்கே அதுதான் பேர். அது பொன்ராஜுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தை காதில் விழும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பான். தப்பாக எதுவும் இல்லை என்பதைப் போனைத் துழாவியும், அவள் முகத்தைப் பார்த்தும், வேண்டுமென்றே நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்தும் அவன் உறுதி செய்துகொண்டிருந்தான். தப்பு ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மீன்பிடி தடைக்காலத்தில் ஜெரி வந்தான். படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. பொன்ராஜ் வேலையில்லாமல் லுங்கியோடு கிடந்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து, தோளில் ஒரு பையோடு, தொப்பை வைத்த ஜெரி சிரித்துக்கொண்டே வந்தான். தைலம், பழ மிட்டாய், கல்லூரி விடுதியிலிருக்கும் இவர்கள் மகள் வினிதாவுக்கு ஒரு பை, பொன்ராஜுக்கு யானை போட்ட சட்டை. அன்றைக்கு ஜெயஸ்ரீ கருவாட்டுத் தொக்கு வைத்தாள், கத்திரிக்காய் போட்டுக் காரக் குழம்பும் வைத்தாள். ஜெரி வாய் எரிய எரியத் தின்றான். அவன் தட்டில் சோறு குறையும் முன்பே குழம்பு விழுந்தது. பொன்ராஜ் கேட்டபோது, "உனுக்கு இன்னும் வேணுமா?" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனுக்குத்தான் சாதாரணமாகக் கேட்கவில்லை.

"மச்சான், தீபாவளிக்கு அங்க ஒரு பஜார் போட்றாங்க" என்றான் ஜெரி, விரலை நக்கியபடி. "பேங்காக்ல கீற மொத்த தமிழ் ஜனமும் வரும். ஜெயா நேர்ல வந்து நின்னுச்சின்னு வெச்சுக்கோ, அவ்ளோதான். அல்லாரும் அத்த பாக்கத்தான் வருவாங்க. நீயும் வா மச்சான். என் ரூம்ல தங்கிக்கலாம், என் பொண்டாட்டி புள்ளைங்களும் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறாங்க."

"சீசன்ல போட்டை வுட்டுட்டு நான் எங்கடா வர்றது?" என்றான் பொன்ராஜ். ஜெயஸ்ரீ கரண்டியைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அவனை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "அவ வேணும்னா போய்ட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தான்.

பின்னால் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பை உண்டாக்கியவன் தான்தான் என்று அவனால் நம்ப முடியவில்லை. ஜெரிக்குத்தான் அதுவும் போய்ச் சேர்ந்ததாகப் பட்டது. கடலில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவன் அவளை விமானம் ஏற்றப் போகிறான். தான் இத்தனை வருஷமாக அவளை எங்கே அழைத்துப் போனோம் என்று யோசித்தான். வருஷா வருஷம் அம்மன் கோயில் கூழுக்கு, வினிதா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு, ஒரு தடவை புழலில் சிறைக்குள் இருந்த அவள் தம்பியைப் பார்க்க.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். தடைக்காலம் முடிந்து படகு போய்த் திரும்பிய ஒரு பகலில், ஜெயஸ்ரீ நைட்டி எடுக்க எம்.கே.பி. நகருக்குப் போயிருந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கையில் ஒரு தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"ஏம்பா, இங்க ஜெயஸ்ரீங்கறது யாரு? பாஸ்போர்ட் என்கொயரி. போன் போட்டா எப்பப் பார்த்தாலும் பிஸியாவே இருக்கு."

இதோ, என் வீட்டுக்காரிதான் சார் என்று சொல்லத்தான் பொன்ராஜ் வாயைத் திறந்தான். எப்பப் பார்த்தாலும் பிஸி என்ற சொல் உள்ளே போய் எங்கோ தைத்தது.

"அவங்களா? அவங்க இங்க இல்ல சார். வூடு காலி பண்ணிக்கினு பூட்டாங்க."

"எங்க போனாங்க?"

"தெர்ல சார்."

போலீஸ்காரர் தாளில் எழுதினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பொன்ராஜ் உள்ளே போய்ச் செம்பில் மொண்டு வந்து கொடுத்தான். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்று போய்விட்டார். சூறைக் காற்றில் ஆடிக்கொண்டிருந்த படகில் எஞ்சின் திடீரென்று நின்றது போல உடம்புக்குள் ஒரு அமைதி வந்தது. கூடவே அதே எஞ்சின் நின்றதற்கான பயமும் வந்தது. ஓடிப் போய் வண்டியை நிறுத்தலாம். தெருமுனை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

முகவரியில் ஆள் இல்லை என்று பதில் வந்தபோது ஜெயஸ்ரீக்கு ஒன்றும் புரியவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. யோசித்து யோசித்து எதிர்வீட்டுக் குப்பம்மாவிடம் போய் நின்றது அவள் சந்தேகம். கால்வாய்த் தண்ணீர் விஷயத்தில் இருவருக்கும் ஏற்கெனவே உரசல். "அதுதான் வயித்தெரிச்சல்ல சொல்லிருக்கும். நான் ஏரோப்ளேன் ஏறப் போறேன்னு தெரு பூரா பேசிக்கினு கீதே, அதுக்குப் பொறுக்குமா?" என்றாள். பொன்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "வுடு" என்றான். அன்றிலிருந்து அவள் குப்பம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. மழைநாளில் அந்தக் கிழவி கதவருகே நின்று, "இன்னாடி ஜெயா, நான் இன்னா பண்ணேன் உன்னிய?" என்று கேட்டபோதும் கதவைச் சாத்தினாள். பொன்ராஜ் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதையும் கேட்டான்.

தீபாவளி பஜார் அவள் இல்லாமலே நடந்தது. திருப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்த மேசைக்குப் பின்னால் நின்றாள். பேர் கார்குழலி என்று ஜெரி போனில் காட்டினான். ஜெயஸ்ரீ பொட்டலம் கட்டி அனுப்பிய நெத்திலியும் வடகமும் அந்தப் பெண்ணின் கைகளில் இருந்தன. ஜனங்கள் கூட்டமாக வந்து போனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அக்கா, நீங்க வருவீங்கன்னுதான் வந்தோம் என்றார்கள். ஒரு பெண் ரஹீமுன்னிசா தைத்த நைட்டியின் மேலேயே துப்பட்டா போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜெயஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். "குழலி, நீலப் பொட்டலத்த முன்னாடி வைம்மா, அது சட்டுனு போய்டும்" என்று கத்திக் கத்திச் சொன்னாள். பொன்ராஜ் அவள் முகத்தில் வேறெதையோ எதிர்பார்த்திருந்தான். தான் பட்டதில் ஒரு துளியாவது. அந்தப் பெண்மேல் ஒரு சின்னப் பொறாமையாவது. போன் அணைந்த பிறகு அவள் எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தாள். பொங்கி வழிந்த பின்னும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன்தான் போய் அணைத்தான்.

மறுபடி மனுக் கொடுத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் வீட்டிலேயே காத்திருந்தாள். வடகம் வாங்க, கூரியர் கொடுக்க, எதற்கும் தெருமுனையைத் தாண்டவில்லை. கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், புயல் எச்சரிக்கையால் படகு போகாமல் பொன்ராஜும் வீட்டில் இருந்தபோது, அதே போலீஸ்காரர் செருப்பில் சேற்றோடு வந்தார். ஜெயஸ்ரீ எழுந்து ஓடி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரேஷன் அட்டையும் ஆதாரும் தயாராக வைத்திருந்தாள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது மூலையில் நின்றவனைப் பார்த்தார்.

"யோவ், நீதானே அன்னிக்கு வாசல்ல உட்கார்ந்திருந்தே? இவங்க வீடு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னது நீதானே? தண்ணிகூடக் கொடுத்தியே." அவள் பக்கம் திரும்பினார். "இவரு யாரும்மா?"

பொன்ராஜ் சுவரில் கையை ஊன்றினான். ஜெயஸ்ரீ அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஆதார் அட்டையின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்தாள்.

"என் வூட்டுக்காரரு சார்."

"வீட்டுக்காரரா?"

"கடல்லேர்ந்து வந்த அசதியில தூக்கக் கலக்கத்துல ஒளறிருப்பாரு சார். மேல் வூட்ல ஒரு பொண்ணு கீந்திச்சு, அதும் காலி பண்ணிக்கினு போச்சு. அத்த நெனச்சுச் சொல்லிருப்பாரு." அவள் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. நேரலையில் எடை குறைந்துவிட்டதாகச் சண்டை பிடிப்பவரைச் சமாதானப்படுத்தும் அதே குரல். "டீ குடிக்கிறீங்களா சார்?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ வேண்டாம் என்றார். அவளிடம் கையெழுத்து வாங்கினார். தெருவில் சாட்சிக்கு ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார். ஜெயஸ்ரீ யோசிக்காமல் தெருவைக் கடந்து குப்பம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். பொன்ராஜ் இருந்த இடத்திலிருந்தே பார்த்தான். கிழவி வெளியே வந்தது. ஜெயஸ்ரீ ஏதோ சொன்னாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜெயஸ்ரீ அதன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குப்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளில் தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. போகும்போது பொன்ராஜை ஒரு பார்வை பார்த்தது.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. ஜெயஸ்ரீ உள்ளே வந்து, நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தினால் நல்லது என்று இருந்தது. ஜெரியைப் பற்றி, மீன் பிடிக்காததைப் பற்றி, வாசற்படியைப் பற்றிச் சொல்ல அவனிடமும் நிறைய இருந்தது.

"நான் வூடு காலி பண்ணிக்கினு போய்ட்டேன்னு சொன்னியா?"

அவன் தலையசைத்தான்.

"எந்த வூட்டுக்கு அனுப்பிச்சே என்னிய?"

நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி அவள் நின்றாள். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னபோது அவளை எங்கே கொண்டுபோய் வைத்தான் என்று அவன் தேடிப் பார்த்தான். ஜெரியின் வீட்டிலா, பாங்காக்கிலா. எங்கும் வைக்கவில்லை. வெறுமனே அவளை இல்லாமல் ஆக்கியிருந்தான். "எனக்கு..." என்று தொடங்கினான். "உனுக்கு மீனு புடிக்காதுன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்றான். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக வெளியே வந்தது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்னிய கேக்கவே இல்லியே" என்றாள். பிறகு முகம் கழுவப் போனாள்.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அவள் தலையை வாரி, பொட்டு வைத்து, புதிதாக வந்த நைட்டிகளைக் கட்டிலில் அடுக்கினாள். நைட்டிகளை விரித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டும், நீளம் முழுக்கத் தெரிய வேண்டுமானால் போன் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தள்ளி ஸ்டாண்டு நிற்க அந்த அறையில் இடமில்லை. அவள் போனை அவனிடம் நீட்டினாள்.

"புடி. ஆடாம புடி."

பொன்ராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கதவோரம் பின்வாங்கி நின்று, அவள் முழு உருவமும் சதுரத்துக்குள் வரும்வரை கையை நீட்டினான். திரையில் ஒவ்வொரு பேராக வந்து வணக்கம் சொன்னது. "வணக்கம், வணக்கம், அல்லாரும் சாப்டீங்களா?" என்றாள் ஜெயஸ்ரீ. கத்திரிப்பூ நிறத்து நைட்டி ஒன்றை உதறித் தோளோடு வைத்துப் பிடித்தாள். அக்கா, இன்னைக்கு கேமரா யாரு, ஆளு வெச்சுட்டீங்களா என்று யாரோ எழுதினார்கள். அது அவளுக்குத் தெரியாத தூரத்தில், அவன் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஓடியது. அவன் அதைப் படித்துச் சொல்லவில்லை. அவள் போனை நேராகப் பார்த்துச் சிரித்தாள். வாசற்படியிலிருந்து குரலாக மட்டுமே கேட்டிருந்த அந்தச் சிரிப்பு கைநீளத்தில் அவன் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கண்ணோரத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. எங்கிருந்தோ சிவப்பு இதயங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, அவள் கன்னத்தின் மேலும் நெற்றியின் மேலும் மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன. அவனுக்குக் கை கடுத்தது. அவன் கையைத் தாழ்த்தவில்லை.